அச்சமும் விழிப்பும்

பாலக்காடு நகரை அடுத்த தோணி என்ற மலையடிவாரச் சிற்றூரில் சில ஆண்டுகளுக்கு முன்பு மாலை மங்கியதும் தெருக்கள் அடங்கிவிடும். காட்டிலிருந்து இறங்கிவரும் ஒற்றை யானையை எண்ணி மக்கள் கதவடைத்து அமர்ந்திருப்பர். வனத்துறை 'பி.டி.7' என்று குறித்த அந்த யானை 2023 ஜனவரியில் பிடிபட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று, இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அரிசிக்காக வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்துவந்த அரிக்கொம்பன் மயக்க ஊசி போடப்பட்டு வேறு காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதுவரை அப்பகுதியில் சில குடும்பங்கள் வீட்டின் கான்கிரீட் கூரைமேல் குடில் அமைத்து அங்கே படுத்து வந்தன.

படுத்தார்கள், ஆனால் உறங்கினார்களா? இலை அசைந்தாலும் எழுந்து அமர்வதுதான் விழிப்பா? சற்றுச் சிந்திப்போம்.

உடல் அறிந்த உண்மை

உடலும் மூளையும் எந்த அளவுக்குத் தூண்டப்பட்டு ஆயத்தமாக இருக்கின்றன என்பதைக் 'கிளர்வு நிலை' என்று அறிவியலார் கூறுவர். ஆழ்ந்த உறக்கம் அதன் கீழ்ப்படி; பேரச்சம் அதன் மேற்படி. ஆபத்தைக் கண்டதும் இதயம் விரைவதும், செரிமானம் தடைபடுவதும், இரத்தத்தில் சர்க்கரை கூடுவதும் போராடவோ தப்பி ஓடவோ உடல் செய்யும் ஏற்பாடுகளே என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். 1949-இல் மொருஸ்ஸி, மகூன் என்ற இருவர், மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டில் ஒரு பகுதியை மின்சாரத்தால் தூண்டினர். மூளையின் மின்னலைகள் விழித்திருக்கும் நிலைக்குரியனவாக மாறின. விழிப்பு என்பது புலன்கள் தரும் செய்திகளால் மட்டும் உண்டாவதன்று. அதை எழுப்பி நிறுத்தும் ஓர் அமைப்பு மூளைக்குள்ளேயே இருக்கிறது என்பது அதனால் தெளிவாயிற்று.

அந்த அமைப்பு உறக்கத்திலும் முழுவதும் கைவிடப்படுவதில்லை. உறங்குபவர் மற்றப் பெயர்களைவிடத் தம் பெயரைக் கேட்கும்போது மிகுதியாக எதிர்வினை காட்டுவதை 1960-இல் ஓர் ஆய்வு பதிவு செய்தது. புதிய இடத்தில் கழிக்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிடக் குறைவாகவே உறங்கிக் காவல் காக்கிறது என்று 2016-இல் மற்றோர் ஆய்வு கண்டது. ஓர் இரவுக்கு இது நன்மை. எல்லா இரவுகளும் முதல் இரவாகவே அமைந்துவிட்டால்?

இங்கேதான் தீங்கு தொடங்குகிறது. சுமார் 35 மணி நேரம் உறங்காதவர்களுக்குத் துன்பக் காட்சிகளைக் காட்டியபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற மூளைப்பகுதி ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தெழுந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அச்சம் உறக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட உறக்கம் அச்சத்தை வளர்க்கிறது. மேலும், கடினமான பணியைக் கற்பதற்கு மிதமான தூண்டுதலே ஏற்றது, மிகையான தூண்டுதல் தடையாகிறது என்பதை யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908-இலேயே எலிகளிடம் கண்டனர். ஆகவே மிக அஞ்சுபவன் மிக விழிப்பானவன் அல்லன். அவன் ஒவ்வோர் ஓசையையும் கேட்கிறான். எது யானை, எது காற்று என்று பிரித்தறியும் ஆற்றலை இழக்கிறான்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். அதிகம் உறங்குபவனுக்கு மட்டுமன்றி, அதிகம் விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. வள்ளுவரோ, பயப்பட வேண்டியவற்றுக்குப் பயப்படுவதை அறிவின் ஒரு கூறாகவே வைத்தார். அச்சமே கூடாது என்பதன்று. அது அறிவுக்கு அடங்கி நிற்க வேண்டும் என்பதே கருத்து.

ஒரு சிவப்பு விளக்கு

அச்சத்தை அறிவுக்கு அடக்குவது எவ்வாறு? 'தைரியமாக இருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவதாலா? வால்பாறை இதற்கு வேறொரு விடை தருகிறது.

ஒருபுறம் பாலக்காட்டின் பரம்பிக்குளம் காடுகள், மறுபுறம் இடுக்கியின் மூணாறு மலைகள். இவற்றுக்கிடையே தமிழகத் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த பீடபூமி வால்பாறை. யானை அருகில் இருப்பதை அறியாமல் எதிர்ப்பட்டதாலேயே அங்குப் பல உயிர்கள் பிரிந்தன என்பதை ஆனந்தகுமார் தலைமையிலான நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் கண்டனர். எனவே யானைகள் நிற்கும் இடத்தைக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் உள்ளூர்த் தொலைக்காட்சியாலும் அறிவித்தனர். உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை நிறுவினர். யானை அருகில் இருந்தால் கைப்பேசி அழைப்பால் விளக்கு எரியும். இப்பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது.

விளக்கு எரிவதால் விளையும் நன்மை எல்லோருக்கும் தெரியும். விளக்கு எரியாதபோது விளையும் நன்மையை நாம் எண்ணுவதில்லை. 1968-இல் மார்ட்டின் செலிக்மன் எலிகளிடம் நடத்திய சோதனை இதை விளக்கும். எச்சரிக்கைக்குப் பின் அதிர்ச்சி பெற்றவை எச்சரிக்கை வந்தபோது மட்டும் அஞ்சின. மற்ற நேரத்தில் இயல்பாக இருந்தன. எச்சரிக்கையின்றி அதே அதிர்ச்சியைப் பெற்றவை எந்நேரமும் அஞ்சி நடுங்கின. அவற்றின் வயிற்றில் புண்களும் தோன்றின. துன்பத்தின் அளவு ஒன்றே. வேறுபாடு, 'இப்போது அஞ்ச வேண்டியதில்லை' என்று நம்பத்தக்க ஓர் அடையாளம் இருந்ததா இல்லையா என்பதே.

நம்பத்தக்க எச்சரிக்கை உள்ள ஊரில், அணைந்திருக்கும் விளக்கும் பேசுகிறது, 'உறங்குங்கள்' என்கிறது.

யார் விழித்திருப்பது?

ஆனால் அந்த விளக்கு தானே உண்மை பேசுவதில்லை. யானையைப் பின்தொடர்ந்து, அதன் இருப்பிடத்தை உரிய நேரத்தில் சொல்லும் மனிதர்கள் பின்னால் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை அலட்சியமாக இருந்தால், அணைந்த விளக்கை நாளை எவரும் நம்பார். மீண்டும் ஒவ்வொரு வீடும் தனித்தனியே கண்விழிக்கும்.

ஒருவனுடைய நிம்மதியான உறக்கம் அவனுடைய மனவலிமையால் மட்டும் கிடைப்பதன்று; மற்றொருவருடைய உண்மையாலும் கிடைப்பது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தை உறங்குவது தாய் விழித்திருப்பதால்; இரவு ரயிலில் நாம் உறங்குவது ஓட்டுநர் விழித்திருப்பதால். இவர்களுடைய விழிப்பில் பதற்றம் இல்லை. பிறர்மீதுள்ள கவனம் இருக்கிறது. அச்சத்தின் விழிப்பு 'எனக்கு என்ன ஆகுமோ' என்று தன்னைச் சுற்றியே சுழல்கிறது. அன்பின் விழிப்பு தன்னை மறந்து வெளியே பார்க்கிறது. தன் முறை முடிந்ததும் அடுத்தவரிடம் காவலை ஒப்படைத்துவிட்டு அமைதியாக உறங்கவும் அதற்குத் தெரியும்.

ஆகவே இரவு படுக்கும்முன் நம்மை இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இன்று நான் சொன்ன சொல்லை நம்பி எவரேனும் நிம்மதியாக உறங்க முடியுமா? ஆராயாமல் நான் பரப்பிய செய்தியால் எவரேனும் வீணாக விழித்திருக்கிறார்களா? இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தவர், எந்த மலையடிவாரத்தில் வாழ்ந்தாலும், அங்கே ஒரு விளக்காக நிற்கிறார்.