ஹைப்போவும் சிதைக்கழியும்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ரமணர் படம் இல்லாத கடை அபூர்வம். மார்பளவுப் படம், நரைத்த தலை, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கும் கண்கள். 1946இல் பெங்களூர் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. ‘உடம்பு நானல்ல’ என்றவரின் உடம்பைச் சட்டம் போட்டு மாட்டி வைப்பது என்ன நியாயம்?

கேள்வி பழையது. புகைப்படம் கழுவும் இருட்டறைக்காரர்களிடம் அதற்கு வேடிக்கையான ஒரு விடை உண்டு.

டெவலப்பரில் முகம் எழும்பியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். அப்போதே தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனால் படம் கறுத்துக் கெடும். ஒளி படாத வெள்ளி உப்பு இன்னும் அதில் இருக்கிறது. அதைக் கரைத்தெடுப்பது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட். இந்தக் குணத்தை ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டார். புகைப்படத்துக்கு அது கைகொடுத்தது 1839இல். ‘ஃபிக்சிங்’ என்ற பெயரைக் கேட்டால் எதையோ ஒட்டவைப்பதுபோல் இருக்கும். உண்மையில் அது கழிக்கிற வேலை. முக்தி புதிதாக வந்து சேர்வதல்ல, மறைப்பது விலகினால் போதும் என்று ரமணர் சொன்னதும் இதே கணக்குத்தான்.

கழித்த ஹைப்போவையும் பிறகு கழிக்க வேண்டும். தாளின் நாருக்குள் தங்கிவிட்டால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தின்று, சில ஆண்டுகளில் படத்தைப் பழுப்பாக்கிவிடும். அதனால்தான் இரண்டு தொட்டி ஹைப்போ, பிறகு சோடியம் சல்பைட் கரைசல், பிறகு ஓடும் நீரில் நெடுநேரக் கழுவல். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையினர் கவனித்தது: நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் ஹைப்போவைச் சீக்கிரம் வெளியேற்றுகிறது. உப்பைப் போக்க உப்பு!

1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை ரமணரிடம் கேட்ட கேள்விகளிலிருந்து பிறந்த ‘நான் யார்?’ நூலில் ஒரு சுடுகாட்டு உவமை வருகிறது. சிதையைக் கிளறும் கழி கடைசியில் தானும் எரிந்துபோவதைப்போல, ‘நான் யார்’ என்ற விசாரமும் மற்ற நினைவுகளை அழித்துவிட்டுத் தானும் அழியும். ஹைப்போவைக் கையாண்டவருக்கு இதற்கு உரை தேவையில்லை.

உவமையை இதற்கு மேல் இழுத்தால் கிழியும். எல்லாம் கழுவிய பின்னும் மிஞ்சுவது வெள்ளிதான். காற்றிலுள்ள வாயுக்கள் அதையும் அரிக்கும். செலினியம் டோனிங் செய்தால் அரிப்பு தள்ளிப்போகும், அவ்வளவே. 1950 ஏப்ரலில் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெசோன் ஆசிரமத்தில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். 14ஆம் தேதி இரவு ரமணர் மறைந்தார். உருவம் போகும் என்று சொன்னவரின் உருவத்தை, போகும் என்று தெரிந்தே, அன்பினால் காக்கிறார்கள். அதில் முரண் இருப்பதாகத் தோன்றவில்லை.

கழுவியது போதுமா என்று பார்க்க, ஈரத் தாளின் வெள்ளை ஓரத்தில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசலை விடுவார்கள். இரண்டு நிமிடத்தில் பழுப்புக் கறை எழுந்தால், மறுபடி குழாயடிக்கு.