நடுவர் பிறப்பதில்லை!

காங்கேயம் வட்டாரத்துக் கண்ணபுரத்தில், மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைக் கண்டிருக்கிறீர்களா, தோழர்களே? காங்கேயம் காளையின் பெருமை நாடறிந்தது. ஆயினும், இனத்தின் பெயரைக் கேட்டதும் எந்த உழவனும் மடியை அவிழ்ப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், திமிலைத் தடவிப் பார்க்கிறான், நடக்கவிட்டு நோக்குகிறான், அதன் பின்னரே விலை பேசுகிறான். காளைக்கே இத்தனை தேர்வு! மனிதனின் வழக்கைத் தீர்க்கும் பீடத்தில் அமர்வதற்கோ, நூற்றாண்டுக் கணக்கில் இந்நாட்டில் ஒரே கேள்விதான்: எந்தக் குலத்தில் பிறந்தாய்?

மிகைபடக் கூறவில்லை நாம். மனுநூலின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். அரசனுக்கு அறம் எடுத்துரைக்க, பிறப்பையன்றி வேறு தகுதியற்ற பார்ப்பனனும் ஏற்றவனாம். சூத்திரனோ எந்நாளும் ஆகானாம்! கற்றவனா, கண் கூரியவனா, நெஞ்சு நேரியவனா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

இதற்கு நேர்மாறான பள்ளி ஒன்றைக் காட்டுவோம். பேஸ்பால் என்பது அமெரிக்கர் உயிரெனப் போற்றும் பந்தாட்டம். அதன் நடுவராக விரும்புவோர்க்கென அங்கே தனிப் பயிற்சிப் பள்ளிகளே நடந்துவருகின்றன. எங்கே நிற்பது, எப்படிக் குனிவது, எந்தக் கோணத்தில் நோக்குவது என்பதெல்லாம் அங்கே பாடம். ஓடிவருபவனின் கால் தளத்தைத் தொடுவதைக் கண்ணால் காணவேண்டும். பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேட்கவேண்டும். எது முந்தியது என்று அறிவால் தேரவேண்டும். பாதி கண்டதும் கையை உயர்த்துவது குற்றம். முழுதும் கண்டு, ஒரு நொடி பொறுத்து, பிறகே தீர்ப்பு. பள்ளியில் தேறினாலும், சிறு களங்களில் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்ற பின்னரே பெருங்களம்.

அந்த நாடு அப்பழுக்கற்றது என்போமா? இல்லை. கறுப்பினத்து ஜாக்கி ராபின்சன் பெருங்களத்தில் ஆடியது 1947இல். ஆனால் கறுப்பினத்து எம்மெட் ஆஷ்போர்டு அங்கே நடுவராக நின்றது 1966இல்! பெண்ணொருத்தி, ஜென் பாவோல், அந்த இடத்தை அடைந்தது 2025இல்தான். ஆடு, உழை, களிப்பூட்டு; தீர்ப்பு மட்டும் சொல்லாதே! ஆதிக்கத்தின் மொழி எந்நாட்டிலும் இதுதானே?

இங்கே மட்டும் என்ன? சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது 1862இல். தாழ்த்தப்பட்டோரில் ஒருவரான வரதராசன் அங்கே நீதிபதியானது 1973இல். அவரே 1980இல் உச்சநீதிமன்றம் ஏறிய முதல் தாழ்த்தப்பட்ட நீதிபதி. ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் தொடங்கியது 1934இல். தமிழ்நாட்டுப் பெண் ஜனனி உள்ளிட்ட மூன்று பெண்கள் அதில் நடுவர்களாக நின்றது 2023இல். தகுதியா இத்தனை காலம் பிந்தியது? இல்லை, கதவு திறக்கப் பிந்தியது!

"பயின்றவனும் தவறுவானே!" என்று பழமைவாதி நகைப்பான். தவறுவான், ஐயமில்லை. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் நகரில், கலராகா என்ற பந்து வீச்சாளர் எதிரணியின் 26 பேரையும் ஒருவர்கூடத் தளம் சேராமல் வீழ்த்திவிட்டார். இன்னும் ஒருவர் வீழ்ந்தால் அது முழுநிறை ஆட்டம். பெருங்கள வரலாற்றில் அதுவரை 20 முறையே நிகழ்ந்த அருஞ்செயல். இருபத்தேழாமவரும் வீழ்ந்தார். நடுவர் ஜிம் ஜாய்சோ, வீழவில்லை என்றார்! ஆட்டம் முடிந்தபின் படத்தைப் பார்த்தார். தவறு தம்முடையதே என்று நாடறியச் சொன்னார். மறுநாள் அணிப் பட்டியலை அவர் கையில் கொடுக்க வந்தவர் அதே கலராகா. நடுவரின் கண்கள் கலங்கின. "விதி" என்றாரா? "தெய்வச் செயல்" என்றாரா? "என் பிழை" என்றார். பிறப்பால் பீடம் ஏறியவன் இதைச் சொல்லமாட்டான். பிழை ஒப்பினால், பிறப்பின் புனிதம் என்னாவது?

இனி நம்மை நாமே கேட்போம். பிறரைத் தீர்ப்பிடும் பகுத்தறிவாளர் நாம் பயின்றோமா? முழுதும் கண்டபின்தான் கை உயர்த்துகிறோமா? நம் தோழன் தவறும்போதும், நம் வீட்டுத் திருமணத்தில் சாதி எட்டிப்பார்க்கும்போதும், எதிரிக்குச் சொல்லும் அதே தீர்ப்பைச் சொல்லும் துணிவு உண்டா? இல்லையெனில், நாமும் பீடத்தைப் பறித்தவர்களே. நீதியை நிலைநாட்டியவர்கள் அல்லோம்.

நடுவர் பிறப்பதில்லை, தோழர்களே! நாள்தோறும் பயின்றே ஆகிறார்.