நங்கூரம் போட்ட இரவில் நித்திரை

பாய் ஏற்றி இறக்கவும், எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி முன்னேறவும் எனக்கு ஒரு கோடைகாலம் போதுமாக இருந்தது. நங்கூரத்தில் நிற்கும் படகுக்குள் படுத்து நித்திரை கொள்ளப் பழக மூன்று கோடைகாலம் எடுத்தது.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில், பொஸ்டனுக்கு வடக்கே சேலம் என்ற ஊரின் கரையில் என் படகு நிற்கிறது. 26 அடி. நான் வாங்கியபோதே முப்பது வயதான படகு. மே தொடக்கம் ஒக்டோபர் வரைதான் இந்தக் கடல் என்னைப் போன்றவர்களுக்கு இடம் கொடுக்கும். அந்த மாதங்களில் சனிக்கிழமை மதியம் புறப்படுவேன். தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் குளொஸ்டர் துறைமுகம் வந்துவிடும். கிழக்குமுனை வெளிச்சவீட்டடியில் தொடங்கும் கல் அணைக்கு உட்புறமாக நங்கூரம் போட்டு, இரவு தங்கி, ஞாயிறு திரும்புவேன்.

அந்தக் கரையில் எத்தனையோ குடாக்கள் உண்டு. நான் குளொஸ்டருக்கே போவதற்கு ஊர்ப்பாசம்தான் காரணம். நான் இலங்கையின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் பிறந்தவன். எங்கள் கரையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை, 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். எங்கள் ஊர்த் தண்டையல் (கப்பல் தலைவர்) ஒருவரும் அவருடைய ஆட்களும் சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று அதைக் கொண்டுவந்து, 1938 ஓகஸ்டில் இந்தத் துறைமுகத்தில்தான் சேர்த்தார்கள். அவர்கள் கயிறு இறக்கிய தண்ணீரில் நானும் கயிறு இறக்குகிறேன் என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சை நிறைக்கிற விஷயம்.

கடலோரத்தில் வளர்ந்தும், நங்கூரம் தன் பாரத்தால் பிடிக்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். என் நங்கூரம் பத்துக் கிலோ. படகோ மூன்று தொன்னுக்குக் கிட்ட. பாரத்தை மட்டும் நம்பினால் முதல் காற்றிலேயே எல்லாம் முடிந்துவிடும். நங்கூரம் தன் அலகைச் சேற்றுக்குள் புதைத்துப் பிடிக்கிறது. இழுவை தரையோடு தரையாகப் படுத்து வந்தால் அது இன்னும் ஆழமாகப் புதையும். மேல்நோக்கி வந்தால் நட்ட கத்தரிக்கன்றைப் பிடுங்கியதுபோலக் கையோடு வந்துவிடும். அதனால்தான் கயிற்றின் நீளம் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று பலமென்றால் ஏழு மடங்கு வேண்டும் என்பார்கள். நங்கூரத்தை ஒட்டி முதலில் சங்கிலி; அது தரையில் கிடந்து இழுவையைத் தாழ்த்தும். அதற்குப் பிறகு நைலோன் கயிறு. அது நீண்டு சுருங்கி அலையின் உதறலை வாங்கிக்கொள்ளும். பாய்மங்களின் இயக்கத்தை ஆராய்ந்த பெரும் விஞ்ஞானி ஜி. ஐ. ரெய்லர், கலப்பைக் கொழுவின் வடிவத்தில் 1933இல் ஒரு நங்கூரத்தை உருவாக்கினார். அவரும் பாய்ப்படகு ஓட்டியவர். அவருக்கும் இரவில் நிம்மதியாகப் படுக்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது கோடையில் ஒரு சனிக்கிழமை. பின்னேரம் ஆறு மணிக்கு நீர் நன்றாக வற்றியிருந்தது. ஆழம் 12 அடி, தண்ணீரிலிருந்து அணியம், அதாவது படகின் முன்பக்கம், 4 அடி உயரம். பதினாறை ஐந்தால் பெருக்கி 80 அடிக் கயிறு விட்டேன். வெள்ளை விளக்கை ஏற்றினேன், சாப்பிட்டேன், படுத்தேன். வற்றுக்கும் பெருக்குக்கும் முழங்காலளவு வித்தியாசம் உள்ள கடலில் வளர்ந்தவன் நான். குளொஸ்டரில் அது ஒன்பது அடி. எனக்குத் தெரியாத கணக்கல்ல. அன்று போட மறந்த கணக்கு. நடுச்சாமத்தில் பதினாறு அடி இருபத்தைந்து அடியாகிவிட்டது. கயிறு அதே 80 அடிதான். ஐந்து மடங்கென்று நம்பிப் படுத்தது மூன்று மடங்காகச் சுருங்கிக் கிடந்தது. காற்றும் வடமேற்குக்குத் திரும்பிப் பலத்துவிட்டது.

ஏதோ ஒரு சத்தம் என்னை எழுப்பியது. அணியத்துக்கு ஓடிப்போய்க் கயிற்றில் கை வைத்தேன். பிடித்து நிற்கிற நங்கூரத்தின் கயிறு இறுகி, அமைதியாக இருக்கும். என் கைக்குள் அது அதிர்ந்தது. கல் ஒழுங்கையில் மாட்டுவண்டில் போவதுபோல விட்டு விட்டு அதிர்ந்தது. அலகு சேற்றைக் கிழித்துக்கொண்டு வருவது இருபத்தைந்து அடிக்கு மேலே, இருட்டில், உள்ளங்கையில் தெரிந்தது. பின்னால் இன்னொரு படகின் விளக்கு பெரிதாகிக்கொண்டு வந்தது. பயத்தில் கை கயிற்றை இழுக்கத்தான் பார்த்தது. இழுக்கக் கூடாது, விட வேண்டும். மிச்சமிருந்த நூறு அடியையும் விட்டேன். அதிர்வு குறைந்து, நின்றது.

அதன்பிறகு அந்தப் பருவம் முழுவதும் நான் நங்கூரத்தில் நித்திரை கொள்ளவில்லை. படகு நகர்ந்தால் சத்தமிடும் செயலி ஒன்று கைத்தொலைபேசியில் உண்டு. அது சத்தமிடும்வரை பொறுக்காமல், அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு விடியும்வரை இருப்பேன். திரும்பி வரும் வழியில் கண் இருட்டும். காவல் இருந்த இரவைவிட, காவல் இருந்து களைத்த பகல்தான் ஆபத்தாக இருந்தது.

அந்த வருடம்தான் ஊரில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். 81 வயது. நல்ல காலம், மணிக்கட்டோடு போயிற்று. நான் ஆளை விட்டு வீட்டு விறாந்தையில் கமரா பூட்டுவித்தேன். அலுவலகத்தில் இருக்கும்போதும், நடு இரவிலும் அதைத் திறந்து பார்ப்பேன். அம்மா கதிரையில் இருக்கிறாரா, எழும்பினாரா, எழும்பியவர் ஏன் இன்னும் திரும்பி வரவில்லை. ஒருநாள் படம் முழுவதும் வெறும் நீலமாக இருந்தது. அம்மா கமராவின் மேல் துவாயைப் போட்டிருந்தார். பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தேன்.

"தம்பி, நீ அங்க முழிச்சிருந்தா நான் இஞ்ச விழமாட்டனோ?" என்று கேட்டார். கோபமில்லை. "கிணத்தடியில பாசி பிடிச்சுக் கிடக்கு. அதை உரஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சு விடு."

இத்தனை மாதம் கமராவைப் பார்த்திருந்தேன், பாசியை நினைக்கவில்லை.

குளொஸ்டர்க் கரையில் இரண்டு சிலைகள் உண்டு. சுக்கானைப் பிடித்து நிற்கும் மீனவனின் வெண்கலச் சிலை 1925இல் வைத்தது. கடலில் மாண்ட 5,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே கரையில் 2001இல் வைத்த இன்னொரு சிலையில், ஒரு தாய் பிள்ளைகளோடு கடலைப் பார்த்து நிற்கிறாள். நான் இந்தச் சிலைக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். அன்னபூரணி போனபோது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மாதக்கணக்காகச் சேதி வந்திராது. அவர்களுக்குக் கவலை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் நேர்த்தி வைத்தார்கள், உலையும் வைத்தார்கள், பிள்ளைகளையும் படுக்கப் போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. எனக்கு அந்த வசதி இருப்பதால், பார்ப்பதையே காப்பதென்று எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இப்போது பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் செலவழிக்கிறேன். பெருக்கின் அளவை முதலில் கூட்டிவிட்டுத்தான் பெருக்குகிறேன். கயிறு விட்ட பின் என்ஜினைப் பின்னுக்குப் போட்டு இழுத்துப் பார்க்கிறேன். கையை வைத்து அதிர்வில்லை என்று அறிந்துகொள்கிறேன். வெளிச்சவீட்டுக்கு நேரே ஒரு வீட்டின் புகைபோக்கியை அடையாளம் வைத்துக்கொள்கிறேன். காற்று திரும்பினால் படகும் சுற்றும்; அது சுற்றுவதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். செயலியை இயக்கிவிட்டு, திரையைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். இதற்குமேல் என் கவலை அந்தச் சேற்றில் ஓர் அங்குலம்கூட இறங்கப் போவதில்லை. படுக்கிறேன். சில இரவுகளில் ஒருமுறை எழும்பி அந்தப் புகைபோக்கியைப் பார்ப்பேன்.

சனி இரவு எட்டரை மணிக்கு, ஊரில் ஞாயிறு காலை ஆறு மணி. அம்மா முற்றம் கூட்டி முடித்திருப்பார். அப்போது ஒரு தடவை பேசுகிறோம். கிணற்றடிக்குச் சொரசொரப்பாகச் சீமெந்து போட்டாயிற்று. குளியலறையில் கைபிடி இருக்கிறது. வீட்டுத் திறப்பு ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. கமராவும் அதே சுவரில்தான் இருக்கிறது, துவாயோடு. அதை எடுக்கும்படி நான் சொல்லவில்லை.