பழுது நீங்கினால் போதுமா? நிரப்பப்படவும் வேண்டும்!



மத்தேயு 12-ம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வீட்டைப் பற்றிப் பேசினார். பொல்லாத ஆவி போய்விட்டது. வீடும் சுத்தமாயிற்று. ஆனால் காலியாகக் கிடந்தது. முடிவு என்ன? முன்னிருந்த நிலையைவிடக் கேடான நிலை! சுத்தம் பண்ணுவது பாதி வேலைதான். நிரப்புவது மீதி வேலை.

இந்தச் சத்தியத்தை ஒரு காரின் ரேடியேட்டர் எனக்குப் போதித்தது. சிரிக்காதீங்க! ஊழியத்துக்கு வருமுன் ஆறு வருஷம் ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் பிடித்தவன் நான்.

சபைச் சகோதரர் ஒருவர் காட்பாடி ஜங்ஷனில் வாடகைக் கார் ஓட்டுகிறார். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலில் வந்து இறங்கும் வியாதியஸ்தரை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அந்தக் கார்தான் அவர் வீட்டு அடுப்பு. மே மாசத்தில் வாட்டர் பம்ப் ஒழுகியது. ஒரு பட்டறையில் பம்பும் ஹோஸும் புதுசு போட்டார்கள். போர் தண்ணீரைப் பிடித்து மளமளவென்று ஊற்றி, மூடியைத் திருகி, "எல்லாம் சரியாப் போச்சு, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்த ஒரு தாயாரை ஆம்பூருக்கு அழைத்துப் போனோம். ஜெபிக்க நானும் கூடப் போயிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் முள் சிவப்பைத் தொட்டது. சகோதரர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். கை மூடிக்குப் போனது. "தம்பி, கையை எடு!" என்று கத்தினேன்.

ஏன் தெரியுமா? சூடான ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கிறது. 100 டிகிரிக்கு மேல் சூடேறியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். கண்ணே போய்விடும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினாலோ இஞ்சின் ஹெட் வெடிக்கலாம். தாயாரை வேறு காரில் அனுப்பிவிட்டுப் புளியமரத்தடியில் காத்திருந்தோம். வண்டி நன்றாக ஆறிய பிறகு திறந்தால், தண்ணீர் எவ்வளவோ கீழே! "ஐயா, ஒரு சொட்டும் ஒழுகலையே, தண்ணி எங்கே போச்சு?" என்றார். "போகலை தம்பி. அந்த இடத்துக்கு அது வரவே இல்லை. அங்கே காற்று உட்கார்ந்திருந்தது" என்றேன்.

பிரியமானவர்களே, கவனியுங்கள்! பழுது நீங்கின இடத்தில் காற்று குடியிருந்தால், எவ்வளவு ஊற்றினாலும் அது உள்ளே போகாது. மேலே பார்த்தால் நிறைந்த மாதிரி இருக்கும். உள்ளே இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, சாயங்காலம் முறைப்படி செய்தோம். முதலில் கசிவு உண்டா என்று சோதித்தோம். பழைய தண்ணீரை வடித்து உள்ளே அலசினோம். கம்பெனி சொன்ன கூலன்ட்டையும் டிஸ்டில்ட் வாட்டரையும் சரிபாதி கலந்தோம். அந்தக் கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டும். துருப்பிடிக்காமலும் காக்கும். நிறம் பார்த்து இரண்டு வகையைக் கலக்கவே கூடாது.

வண்டியின் மூக்கை மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று விடும் திருகைத் தளர்த்தி, மெதுவாக ஊற்றினோம். குமிழி நின்று கூலன்ட் மட்டுமே வந்தபோது திருகை இறுக்கினோம். பிறகு மூடியைத் திறந்து வைத்தே இஞ்சினை ஓடவிட்டோம். சுமார் 85 டிகிரியில் தெர்மோஸ்டாட் திறந்தது. மட்டம் சட்டென்று இறங்கியது. மறுபடி ஊற்றி, மூடினோம். மறுநாள் காலை வண்டி குளிர்ந்தபின் டேங்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே மட்டம் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதையும் நிரப்பினோம்.

"போர் தண்ணி ஊத்தினா என்னங்கய்யா?" என்று கேட்டார். நம் பாலாற்றங்கரைக்குத் தெரியாததா இது! தோல் பதனிடும் கழிவு இந்த மண்ணையும் நீரையும் கெடுத்ததைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உப்பு மிகுந்த தண்ணீர் ரேடியேட்டரில் சுண்ணாம்பாய்ப் படிந்து குழாயை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அதனால்தான் வடித்த நீர். வடித்தெடுத்த பழைய கூலன்ட்டையும் சாக்கடையில் விடாதீர்கள். அது விஷம், ஆனால் இனிக்கும்! குழந்தையும் நாயும் நக்கிவிடும். மூடின கேனில் வைத்து, பாதுகாப்பாய் அழிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். காயப்பட்ட இந்த மண்ணுக்கு நாமும் ஒரு காயம் கூட்டலாமா?

தேவ ஜனமே, உபவாசக் கூட்டத்தில் அழுதீர்கள். குடியை விட்டீர்கள். சண்டையை விட்டீர்கள். ஸ்தோத்திரம்! பழுது நீங்கிற்று. ஆனால் "நான் மாறிட்டேன்" என்ற பெருமை காற்றாய் உள்ளே தங்கியிருக்கிறதா? அதை வெளியே விடுங்கள். மனைவி பேசும்போது, கடன்காரன் கேட்கும்போது சூடேறுகிறதா? அந்தச் சூட்டில் வாயைத் திறக்காதீர்கள், எதிரே நிற்பவர் வெந்துபோவார். ஆறட்டும். கிடைத்ததையெல்லாம் உள்ளே ஊற்றிக்கொள்ளாதீர்கள். இனிப்பதெல்லாம் நல்லதல்ல.

ஒரே நாளில் நிரம்பிவிட்டேன் என்றும் எண்ணாதீர்கள். சூடு வந்தபின்தான் உள்கதவு திறக்கும்; மட்டம் இறங்கும். அது தோல்வியல்ல. இன்னும் உள்ளே இடமிருக்கிறது என்று அர்த்தம்! எலிசாவின் நாளில் அந்த விதவைக்கு எண்ணெய் எப்போது நின்றது? காலிப் பாத்திரம் தீர்ந்தபோதுதான்.

ஆகவே ஒவ்வொரு காலையும், வண்டியை எடுக்குமுன் டேங்கின் மட்டத்தைப் பாருங்கள். வீட்டை விட்டுப் புறப்படுமுன் முழங்காலில் நின்று உள்ளத்தின் மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் வெட்கப்படாதீர்கள், கேளுங்கள். நிரப்புகிறவர் உண்மையுள்ளவர். அல்லேலூயா! ஆமென்.