தனுஷ்கோடியில் சிரிக்கலாமா?

நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகத் திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில். சனிக்கிழமை கோயில், 22 தீர்த்தக் குளியல், அப்துல் கலாம் நினைவிடம். ஞாயிறு காலை தனுஷ்கோடி. சாயங்காலம் திரும்பும் ரயில். பட்டியலைப் படித்த அவருடைய மகள், காலேஜில் படிப்பவள், ஒரு கேள்வி கேட்டாளாம்.

‘‘ஏம்ப்பா, அத்தனை பேர் செத்துப்போன இடம். அங்க போய் நாம சிரிச்சுக்கிட்டு போட்டோ எடுக்கறது தப்பில்லையா?’’

‘‘அப்படிப் பார்த்தா பூமியில எங்கயுமே கால் வைக்க முடியாதும்மா!’’

யார் சொல்வது சரி?

மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும் நேரத்தில் புயலோடு கடலும் பொங்கி வந்தது. ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. சென்னையில் ரயில் ஏறி, இங்கே இறங்கி, கப்பல் பிடித்துத் தலைமன்னாருக்குப் போன காலம் அது. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச் என்று பரபரப்பாக இருந்த ஊர் ஒரே ராத்திரியில் அழிந்தது. ‘மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம்’ என்று அரசாங்கமே அறிவித்தது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2004 சுனாமி மெரினாவையும் விட்டுவைக்கவில்லை. அதே மணலில் உட்கார்ந்துதான் இன்றைக்கு சுண்டல் சாப்பிடுகிறோம். அதை யாரும் பாவம் என்று சொல்வதில்லை.

அப்படியானால் எத்தனை வருஷம் கழித்துச் சிரிக்கலாம்? நாற்பதா, அறுபதா? கணக்கு போட்டுத் தீர்க்கிற விஷயமா இது?

நம்ம பெரியவர்கள் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். சேதுக்கரைக்குப் போனவர்கள் பலரும் செத்துப்போன அப்பா, அம்மாவுக்குக் காரியம் செய்யத்தான் போனார்கள். காலையில் கடலில் முழுகி எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். கண் கலங்கினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே சன்னதித் தெருவில் பேரப்பிள்ளைகளுக்குச் சங்கும் சோழியும் பேரம் பேசி வாங்கினார்கள். துக்கத்துக்கு ஒரு ஊர், சந்தோஷத்துக்கு ஒரு ஊர் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை. செத்தவர்களை நினைக்க வேண்டிய நேரத்தில் நினைத்தார்கள். அதனால் சிரிக்கும்போது உறுத்தவில்லை.

ஆகவே, சிரிப்பது தப்பில்லை. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. தனுஷ்கோடியை ‘பேய் நகரம்’ என்கிறோமே, அங்கே இருக்கிறது.

அது பேய் நகரமா? அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. ஓலைக் குடிசை போட்டு, வலை இழுத்து, பிள்ளை வளர்க்கிறார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை மொண்டு குடம் நிரப்புகிற பெண்கள் இருக்கிறார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு வந்தது. அதற்கு முன்பு மணலில் குலுங்கிக்கொண்டு வேனில் போனவர்கள், இன்றைக்கு ஏ.சி. காரில் பறக்கிறார்கள். பறக்கிற வேகத்தில் இடிந்த சர்ச் தெரிகிறது. பக்கத்தில் பாசிமணி விற்கிற அம்மா தெரிவதில்லை.

ஓர் ஊரைச் செத்த ஊர் என்று முடிவு கட்டிவிட்டால் நமக்கு ரொம்ப வசதி. அங்கே யாரையும் மதிக்க வேண்டாம். தண்ணீர் பாட்டிலை வீசிவிட்டு வரலாம். இடிந்த சுவர் மேல் ஏறி நிற்கலாம். குடிசை வாசலில் நிற்கிற குழந்தையை, கேட்காமலே போட்டோ எடுக்கலாம். நம் வீட்டுக் குழந்தையை வழியில் போகிற யாரோ அப்படி எடுத்தால் விடுவோமா?

மகளின் கேள்வி செத்தவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது, என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு ஒரு நிமிஷம் நிற்பது. இருக்கிறவர்களுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம் அதிகம். வறுத்த மீனை அவர்களிடமே வாங்கிச் சாப்பிடலாம். பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாமல் இருக்கலாம். ‘‘எந்த ஊரு?’’ என்று அவர்கள் கேட்டால் நின்று பதில் சொல்லலாம். குப்பையைக் கையோடு எடுத்து வரலாம்.

அப்புறம் தாராளமாகச் சிரிக்கலாம். அங்கே இருக்கிறவர்களும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.