பயிற்சி யாருடைய செலவில்?

அமெரிக்காவில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வாங்குகிறவர் குறைந்தது 900 மணி நேரம் களப்பயிற்சி செய்தாக வேண்டும். பள்ளி உளவியலாளராக விரும்புகிறவருக்கு 1,200 மணி நேரம். சமூகப் பணி மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மணி நேரங்களுக்குச் சம்பளம் கிடையாது. கல்விக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் காசில்லாமல் உழைக்க யாரால் முடியும்? வீட்டில் வசதி இருப்பவரால் முடியும்; கடனுக்கு அஞ்சாதவரால் முடியும். ஸ்பானிஷ் பேசும் குடியேறிகளின் தெருவில் வளர்ந்து, அந்தத் தெருப் பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேசக்கூடியவர் பெரும்பாலும் இந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்.

அந்தப் படியைத் தாண்ட வைப்பதற்காகத்தான் அரசுப் பணம் வருகிறது. கூட்டாட்சி சுகாதாரத் துறையின் மனநலப் பணியாளர் பயிற்சித் திட்டம், ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் களப்பயிற்சி செய்யும் முதுகலை மாணவர்களுக்கு 10,000 டாலர் அளவில் உதவித்தொகை தருகிறது. பயிற்சி மாணவர்களுக்கு ஊதியம் கேட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எழுந்த குரல் பிற வளாகங்களுக்கும் பரவியது. இதில் நியாயம் இருப்பது வெளிப்படை.

சிக்கலான கேள்வி அடுத்ததுதான். மாணவர் கற்றுக்கொள்வது யாரிடம்? ஏழைக் குழந்தையிடம். செப்டம்பரில் வருகிற பயிற்சி மாணவர், கல்வியாண்டு முடிந்ததும் மே மாதத்தில் போய்விடுகிறார். தந்தை நாடுகடத்தப்பட்டதை ஒரு சிறுமி பல வாரம் தயங்கிவிட்டு அவரிடம் சொல்லியிருப்பாள். அடுத்த செப்டம்பரில் இன்னொரு முகம். அதே கதையை அவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளையோ உரிமம் பெற்ற ஒரே நிபுணரிடம் ஆண்டுக்கணக்கில் போய்வருகிறது. அனுபவசாலி ஒருவருக்கு, பழகுகிறவர் இன்னொருவருக்கு என்று பிரிப்பது அறமா?

"இவரும் இல்லையென்றால் யாருமே இல்லை" என்பது வழக்கமான பதில். அது பொய்யில்லை. 250 மாணவருக்கு ஒரு ஆலோசகர் வேண்டும் என்கிறது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம். 2023-24இல் நாட்டுச் சராசரி 376. பள்ளி உளவியலாளர் 500 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டிய இடத்தில், ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு ஒருவரே இருக்கிறார். ஆனாலும் வேறு வழியில்லாதவர் ஏற்றுக்கொண்டார் என்பதால் மட்டும் ஓர் ஏற்பாடு நியாயமாகிவிடாது. இலவச மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் ஏழை உடம்பை வைத்துத் தொழில் பழகிய பழைய மருத்துவக் கல்விக்கும் இதே வாதம்தான் துணைநின்றது.

குறை பயிற்சி மாணவரிடம் இல்லை. கையில் சில குழந்தைகள் மட்டும், வாரந்தோறும் மூத்தவரின் மேற்பார்வை என்றிருந்தால், நூற்றுக்கணக்கான பெயர்களைச் சுமக்கும் ஆலோசகரைவிட அவர் கவனமாகக் கேட்கக்கூடும். மேற்பார்வையாளருக்கு நேரம் ஒதுக்காமல், பயிற்சி முடிந்தபின் அதே பள்ளியில் வேலையும் வைக்காமல், மாணவர் கையில் மட்டும் காசோலை கொடுப்பதுதான் குறை. அந்தப் பணம் ஒருவரைப் பட்டதாரி ஆக்கும். குழந்தைக்குத் தெரிந்த முகத்தை அடுத்த ஆண்டும் அங்கே நிறுத்தாது.

இருக்க வைப்பதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய சுகாதாரப் பணிப் படை, பற்றாக்குறைப் பகுதியில் இரண்டு ஆண்டு வேலை செய்யும் மனநலப் பணியாளரின் கல்விக் கடனில் 50,000 டாலர் வரை அடைத்திருக்கிறது. அதன் படிப்புதவித் தொகையை வாங்கிவிட்டுப் பணிக்கு வராதவர் மூன்று மடங்கும் வட்டியும் கட்ட வேண்டும். கடுமையான நிபந்தனைதான். முன்கூட்டியே தெரிந்து கையெழுத்திடுவதால் அதை அநீதி என்று சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்தவர் அதில் நிற்க வேண்டும்.

அப்படியானால் வாக்குக் கொடுத்த அரசு? 2022 மே 24 அன்று டெக்சஸின் உவால்டே நகரில், ராப் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு மாதத்தில் இரு கட்சி ஆதரவோடு வந்த சட்டம், பள்ளி மனநலப் பணியாளர்களைப் பயிற்றவும் அமர்த்தவும் ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் கல்வித் துறை, அந்த மானியங்களில் பெரும்பகுதியைத் தொடர மாட்டோம் என்று அறிவித்தது. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் இனப் பன்மைக்கு முன்னுரிமை கொடுத்ததாக அது குறை சொன்னது. அந்த முன்னுரிமை சரியா என்று விவாதிக்கலாம். அடுத்த சுற்று மானியத்துக்கு விதியை மாற்றவும் செய்யலாம். ஆனால் பாதிப் படிப்பில் இருக்கும் மாணவரையும், அவரிடம் பேசத் தொடங்கிவிட்ட குழந்தையையும் நடுவில் விடுவதற்கு அது காரணமாகாது. போகிற மாணவருக்கு மூன்று மடங்கு அபராதம் விதிக்கத் தெரிந்த அரசு, தான் போகும்போது எதையும் கட்டுவதில்லை.

இந்த நிறுத்தத்தை எதிர்த்து 16 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றம் எதைத் திருப்பித் தந்தாலும், இடையில் கழிந்த பள்ளி மாதங்களைத் தர முடியாது. எனவே இத்தகைய மானிய ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இரண்டு விதிகள் சட்டமாகவே இடம்பெற வேண்டும். சேர்த்துக்கொண்ட மாணவர் பட்டம் பெறும்வரை பணம் நிற்கக் கூடாது. பயிற்சி மாணவர் வெளியேறும் முன், அவர் கவனித்த ஒவ்வொரு குழந்தையையும் அடுத்து யார் பார்ப்பார் என்பதைப் பள்ளி பெயரோடு எழுத்தில் தர வேண்டும். அந்தப் பெயரைக் குழந்தையிடம் பயிற்சி மாணவரே சொல்லி, நேரில் அறிமுகப்படுத்திவிட்டுப் போக வேண்டும்.