தளர்ந்த குதையும் நம்பிக்கையும்

பழைய மடிக்கணினியொன்றின் மின்னேற்றற் குதை தளர்ந்துவிடின், உடையவர் முதலிற் செய்வது மின்வடத்தை ஒரு கோணத்தில் வளைத்து வைப்பதேயாகும். தளர்ந்த தொடுகையில் மின்தடை மிகும், வெப்பம் பிறக்கும், ஈற்றிற் குதையைச் சூழ்ந்த பிளாத்திக்கு உருகவுங் கூடும். பழுதோ பெரும்பாலும் பற்றாசு வெடித்த ஓர் இணைப்பு மாத்திரமே. கைபழகிய திருத்துநர் அதனைச் சிறுபொழுதிற் சீராக்குவார்.

ஆயின், தாய்ப்பலகையையே மாற்றவேண்டுமென அவர் கூறின் உடையவர் மறுப்பதெங்ஙனம்? அக்கூற்று மெய்யாகவும் இருக்கலாம். அசைந்தசைந்து பலகையின் செப்புத் தடமே பெயர்ந்திருக்கலாம். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய உடையவரிடம் கண்ணில்லை. பிறர் அறியாமைக்கு விலை கூறுதல் களவாகுமா என்னும் வினா இங்கேதான் எழுகின்றது. களவு கொடுத்தவர் தாம் இழந்ததை அறிவார். இவரோ நன்றி கூறிச் செல்கின்றார்.

திருத்துநரை மட்டும் பழித்தல் நேர்மையன்று. சில கணினிகளிற் குதை சிறு வடத்துடன் தனியுறுப்பாக உள்ளது. வேறு சிலவற்றிற் பலகையிலேயே பற்றாசிடப்பட்டுள்ளது. நாளும் அசைக்கப்படும் உறுப்பை எளிதிற் கழற்றவியலாவாறு அமைத்தவரும் ஒரு தெரிவைச் செய்தவரே. அத்தகைய தெரிவுகளை வாங்குபவர் காணும் பொருட்டு, மடிக்கணினிகளின் திருத்துதகைமையைப் பத்துக்கு இத்தனை புள்ளியெனக் காட்டுமாறு பிரான்சு 2021 இல் விதித்தது. அப்புள்ளியைக் கணிப்பவரோ உற்பத்தியாளரே.